தானே படிக்கும் பிள்ளை: யாழ்ப்பாணமும் தமிழகமும்

பிள்ளையை வீட்டில் இருத்திப் படிப்பிப்பதும், வீட்டில் இருக்கும் பிள்ளை தானே படிக்கப் பழகுவதும் ஒன்றென்று எண்ணுவோர் நம்மிடையே பலர். பாடசாலை மணியையும் வகுப்பு ஒழுங்கையும் விட்டுப் பெற்றோரே ஆசிரியராக நின்று கல்வி புகட்டும் முறை இந்தியாவின் பெருநகரங்களிலே இப்பொழுது சில குடும்பங்களை ஈர்த்து வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அத்தகைய குடும்பங்களைத் தேடித்தான் காணவேண்டும். ஆயினும், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது ஒரு பிள்ளை தன் பாடத்தைத் தானே எடுத்து, தானே செய்து, தானே பிழை கண்டு திருத்தும் பழக்கம் எவ்வாறு உண்டாகிறது என்ற கேள்விக்கு இரு தேசத்தாரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகையாக விடை கண்டிருக்கின்றனர். அவ்விடைகளை அருகருகே வைத்து நோக்குவது, பிள்ளைகளை நாள்தோறும் ரியூசனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நமக்கே பெரிதும் வேண்டியது என்பது என் துணிபு.

பழைய காலத்திலே இரு நாட்டுத் திண்ணைப் பள்ளிகளும் பெரும்பாலும் ஒரே வகையினவாகவே இருந்தன. மணலிலே விரலால் எழுதிப் பழகிய பிள்ளை பின்னர் எழுத்தாணி பிடித்தது. உபாத்தியாயர் ஒருவரே இருந்தமையால், முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், சட்டாம்பிள்ளை ஏனையோரின் பாடத்தைக் கேட்பதும் அங்கே நித்திய வழக்கம். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை மேற்பார்த்த அண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, தம் கீழிருந்த ஆசிரியர் அதைக் கைக்கொள்ள மறுத்தபோது, சிறுவன் ஒருவனையே மற்றைச் சிறுவர்க்கு ஆசிரியனாக்கினார். 1797ஆம் ஆண்டில் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அவ்வேற்பாடு ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தின் பாடசாலைகளிற் பரவியது. எனினும் அத்திண்ணைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஓலை கிழியும் என்றஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி இடமாட்டார்கள். எகர ஏகாரங்களை வேறுபடுத்திக் காட்டமாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இல்லை. ஆசானின் குரலை முன்னரே கேட்டறியாத பாலன் அவ்வோலையைத் தனியே இருந்து படித்துப் பொருள்கொள்ளுதல் அரிது. ஆகவே பாடமாக்கும் சக்தி வளர்ந்தது. தனிவாசிப்பு வளர இடமில்லாதிருந்தது.

அவ்விடத்தை உண்டாக்கியவர்களுள் தலையாயவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், அச்சியந்திரமும் நிறுவி, பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி வெளியிட்டார். சிறு வாக்கியத்திலிருந்து நீண்ட வசனத்துக்கும், அங்கிருந்து சரித்திரத்துக்கும் சாத்திரத்துக்கும் பிள்ளையைப் படிப்படியாக ஏற்றும் அந்நூல்களையும், நிறுத்தக் குறிகள் இட்டு அவர் எழுதிய தெளிந்த வசன நடையையும் அவருடைய சமயத் தொண்டின் ஒரு கூறாகவே நாம் புகழ்ந்து வருகிறோம். ஆயின், ஆசான் எழுந்துபோன பின்னரும் பிள்ளை கையில் வைத்துப் படிக்கத்தக்க தமிழ்ப் புத்தகம் அதனால் உண்டாயிற்று என்பது என் மனத்துக்கு அதனினும் பெரிய செய்தி. அவருடைய வினாவிடை நூல்களையும் இங்கே எண்ணவேண்டும். மிஷனரிமார் கையாண்ட அந்த வடிவத்தை அவர் சைவத்துக்கும் இலக்கணத்துக்கும் எடுத்துக்கொண்டார். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு வினாவை வாசிக்கும் பிள்ளைக்குத் தன்னைத் தானே பரீட்சிக்கும் வழி அதில் அமைந்திருந்தது. 1864இல் சிதம்பரத்திலும் அவர் ஒரு வித்தியாசாலை நிறுவினார். யாழ்ப்பாணத்தில் விளைந்த இந்தப் பயன் தமிழகத்துக்கும் சென்றது.

தமிழகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த உபகாரமும் உண்டு. பாண்டித்துரைத் தேவர் 1901இல் தோற்றுவித்த மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் பரீட்சைகளை ஏற்படுத்தியது. 1921இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் அவ்வழியே பரீட்சைகளை நடத்தியது. பகலில் உத்தியோகம் பார்த்தவர் இரவில் விளக்கின் முன் இருந்து படித்து, ஐயம் நேர்ந்தால் ஊரிலுள்ள புலவர் ஒருவரைச் சென்று கண்டு, காலம் வந்தபோது பரீட்சைக்குத் தோற்ற அவை வழி திறந்தன. பிற்காலத்தில் விபுலானந்த அடிகள் எனப் போற்றப்பட்ட, காரைதீவில் பிறந்த மயில்வாகனனார், 1916இல் மதுரைச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறி, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தபோதே லண்டன் சர்வகலாசாலையின் பி.எஸ்ஸி. பரீட்சைக்குத் தாமே படித்து, 1920இல் சித்தியெய்தினார். ஒரு கையில் தொல்காப்பியத்தையும் மறு கையில் பௌதிகத்தையும் வைத்துக்கொண்டு ஆசிரியத் தொழிலும் புரிந்த ஒருவருக்கு இது கைகூடியமைக்கு அவருடைய மேதை ஒரு காரணம். பாடத்திட்டம் இன்னது, நாள் இன்னது என்று முன்கூட்டியே வரையறுத்து, இடைப்பட்ட காலத்தை முழுவதும் கற்பவனிடமே ஒப்படைத்த பரீட்சை மற்றொரு காரணம் என்பேன்.

அந்த வரையறைக்கு உட்படாத மேதைக்கு நேர்ந்ததைக் கும்பகோணத்திலே காணலாம். 1903இல், பள்ளி மாணவராயிருந்த இராமாநுஜன், ஜார்ஜ் கார் என்பவர் பரீட்சை மாணவருக்காகத் தொகுத்த கணித நூலொன்றைப் பெற்றார். ஏறக்குறைய 5,000 தேற்றங்களை நிரூபணம் பெரும்பாலும் இன்றி அடுக்கிய அந்நூலை அவர் தாமே நிரூபித்து நிரூபித்து முன்னேறினார். ஆசிரியன் வேண்டாத கல்விக்கு அதனினும் உயர்ந்த உதாரணம் காண்பது அரிது. ஆனால் கணிதமொழிந்த பாடங்களை அவர் கைவிட்டமையால் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்து, எஃப்.ஏ. என்னும் கல்லூரிப் பரீட்சையிலும் தவறினார். பிள்ளை விரும்பியதை மட்டும் படிக்கட்டும் என்று வீட்டில் வைத்துக்கொள்ளும் பெற்றோர் இந்த வரலாற்றின் இரு பாதிகளையும் நினைவில் இருத்துவது நன்று.

யாழ்ப்பாணத்துக்கு அண்மைக் காலத்திலே வேறொரு சோதனை வந்தது. தொண்ணூறுகளில், போரின் காரணமாக, மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போயிற்று. குப்பி விளக்கின் முன்னே, அண்ணன்மாரின் பழைய கொப்பிகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் வைத்துக்கொண்டு, ஆசிரியர் கிடைத்தபோது அவரிடமும் கிடையாதபோது தாமாகவும் படித்துச் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தோற்றிய தலைமுறையினர் இன்று பெற்றோராக இருக்கின்றனர். அத்துன்பம் எந்தப் பிள்ளைக்கும் இனி வரவேண்டாம். ஆயின், தனியே இருந்து படிப்பது எங்ஙனம் என்று அனுபவத்தால் அறிந்த அவர்களே தம் பிள்ளைகளின் ஒவ்வொரு மாலைப்பொழுதையும் ரியூட்டரிகளிடம் ஒப்புவிப்பதைக் காணுந்தோறும் என் நெஞ்சு வருந்துகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடங்கி உயர்தரம் வரைக்கும், குறிப்பை ஒருவர் சொல்ல எழுதி, மாதிரி விடையை ஒருவர் தரப் பாடமாக்கி வளரும் பிள்ளைக்கு, இன்றைக்கு எதைப் படிப்பது என்று தானே தீர்மானிக்கும் ஒரு மணி நேரமேனும் எங்கே இருக்கிறது?

சட்டத்தை நோக்கின் இரு நாடுகளும் பிள்ளை பள்ளிக்குச் செல்லவேண்டும் என்றே விரும்புகின்றன. இலங்கை, 1945இல் அந்நாளைய கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வியை நிறுவி, 1997இன் பிரமாணங்களால் 5 முதல் 14 வயது வரை கட்டாயமாக்கி, 2016இல் அவ்வெல்லையை 16க்கு உயர்த்தியது. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது 6 முதல் 14 வயதினருக்கு உரியது. ஆனால் 1989இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இந்தியப் பிள்ளைக்கு அளிக்கும் சௌகரியம் பெரிது: பாடங்களைத் தெரிந்தெடுக்கலாம், தேறிய பாடத்தை வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பின்னர் எழுதலாம், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது முறை முயலலாம். நம் நாட்டிலோ தனிப்பட்ட பரீட்சார்த்திக்கும் பாடசாலைப் பரீட்சார்த்திக்கும் நாளும் வினாத்தாளும் ஒன்றே. இந்திய ஏற்பாடு பிள்ளையின் வேகத்துக்கு இடங்கொடுக்கிறது. நமது ஏற்பாடு குறித்த நாளை நோக்கி வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பயிற்சியைக் கொடுக்கக்கூடியது, அப்பகிர்வைப் பிள்ளையே செய்யுமாயின்.

தமிழகத்திடமிருந்து நாம் கைக்கொள்ளவேண்டியதென நான் கருதுவது செயல்வழிக் கற்றல் முறையின் உட்பொருள். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியினர் கிராமப் பிள்ளைகளுக்காக வகுத்த வழியைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 அளவில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் அது பரவியது. சுவரில் ஒரு கற்றல் ஏணி. தட்டிலே சின்னங்கள் பொறித்த அட்டைகள். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே கண்டு, அதற்குரிய அட்டையை எடுக்கும். முதலில் ஆசிரியரின் முழுத் துணை, பின் பாதித் துணை, பின் தோழரின் துணை, அதன்பின் தனியே, முடிவில் மதிப்பீடு. எல்லாப் பள்ளிகளிலும் அது செவ்வனே நடந்தது என்று சொல்ல முடியாது. பின்னர் வேறு திட்டங்கள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. ஆயினும் துணையைப் படிப்படியாகக் குறைத்து விலகும் அந்த ஒழுங்கு வீட்டுக்கு முற்றும் பொருந்துவது. தாய் அருகிருந்து முதற் கணக்கைச் செய்துகாட்டட்டும். இரண்டாவதைப் பிள்ளை செய்யப் பார்த்திருக்கட்டும். மூன்றாவதற்கு எழுந்து அடுக்களைக்குச் செல்லட்டும். திரும்பி வரும்போது விடைத்தாளைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துத் திருத்தச் சொல்லட்டும். பிழை கண்டவிடத்துத் தாமே அழித்து எழுதிக் கொடுக்கும் அவசரத்தைப் பெற்றோர் அடக்கிக்கொள்ளுதலே இதில் மிகவும் கடினமான பகுதி.

யாழ்ப்பாணத்துப் பெற்றோரை நான் இரந்து கேட்பது இவ்வளவே: பாடசாலையை விட வேண்டாம், பரீட்சையை வெறுக்கவும் வேண்டாம், கிழமையில் இரண்டு மாலைகளை மட்டும் ரியூசனுக்குக் கொடாமல், ஒரு மேசையையும் ஒரு பாடப்புத்தகத்தையும் பிள்ளையிடம் விட்டு, அன்றைய பாடம் எதுவென்று பிள்ளையே சொல்லும்படி விடுங்கள்.