ஒரு ஃபோல்டர் போதும்: ஜேபிரவுஸ் 2

மருந்துக்கு அடங்காத காசநோய் மும்பைக்குப் புதிதல்ல. ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு அடங்காத கிருமியின் மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஜீனோம் பிரவுசர் வேண்டும். மனித ஜீனோமுக்கு யுசிஎஸ்சி பிரவுசர் 2000-லிருந்தே இணையத்தில் இருக்கிறது. ஆனால் நம்மிடமுள்ள மாதிரிகளை நம் வசதிக்கு அடுக்கிப் பார்க்க, நாமே ஒன்றை அமைத்துக்கொள்வதுதான் நல்லது. அதற்கான இலவச மென்பொருள் ஜேபிரவுஸ் 2. கல்யாணில் வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன்.

முன்னோடியான ஜிபிரவுசுக்கு பெர்ல், டேட்டாபேஸ் என்று ஏகப்பட்ட சடங்குகள். இதற்கு ஒரு ஃபோல்டர், ஒரு சாதாரண வெப் சர்வர், அவ்வளவுதான். கோப்பு எத்தனை ஜிபி ஆனாலும், திரைக்குத் தேவையான துண்டை மட்டும் இண்டெக்ஸ் பார்த்து எடுத்துவரும். பைத்தானோடு வரும் குட்டி சர்வருக்கு அப்படித் துண்டு கொடுக்கத் தெரியாது, என்ஜின்எக்ஸ் போன்ற முழு சர்வரைப் போடுங்கள்.

எச்37ஆர்வி என்ற காசநோய்க் கிருமியின் ஜீனோம் சுமார் 44 லட்சம் எழுத்து, 1998-இல் வெளியானது. அதை ஏற்றி, பொதுவில் கிடைக்கும் ஒரு மாதிரியை மேலே அடுக்கி, ஆர்பிஓபி மரபணுவுக்குப் போனேன். ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் பெரும்பகுதி அதிலுள்ள 81 எழுத்துக்குள்தான். 450-ஆவது கோடானில் (மூன்றெழுத்துத் தொகுதியில்) சி இருக்க வேண்டிய இடத்தில் டி. சாம்பல் வரிகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரே சிவப்புக் கோடு. அட்டவணையில் எத்தனை முறை படித்தாலும் இப்படி மனதில் பதியாது.

எரிச்சல் பெயரில்தான். ஒரு கோப்பில் குரோமோசோமுக்கு என்சி எண், இன்னொன்றில் வெறும் 'குரோமோசோம்' என்றிருந்தால் மரபணு வரிசை காலியாக நிற்கும். மாற்றுப்பெயர்க் கோப்பு ஒன்று கொடுத்தால் சரியாகும். சாம்டூல்ஸ், டாபிக்ஸ் என்ற கருவிகளைக் கொண்டு இண்டெக்ஸ் போடும் வேலையும் டெர்மினல் பழகாதவர்களைப் படுத்தும். டெஸ்க்டாப் பதிப்பில் இந்தத் தொல்லை குறைவு. கோப்புகள் கையில் இருந்தால் நெட் கூட வேண்டாம். சிஎஸ்எம்டி போகும் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் பாக்கியசாலிகள் அதிலும் வேலை பார்க்கலாம்.

இரண்டு கோப்பைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவருக்கு ஐஜிவி என்ற இன்னொரு ஜீனோம் பிரவுசர் போதும். பத்துப் பேர் ஒரே படத்தைப் பார்த்துப் பேசும் ஆய்வகத்துக்கு ஜேபிரவுஸ் 2-தான். ஒன்று மட்டும்: வெப் பதிப்பைச் சும்மா நிறுவினால் பூட்டு எதுவும் இருக்காது. நோயாளிகளின் மாதிரிகளை ஏற்றுவதற்கு முன் சர்வரில் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள்.