மேலேறாத எண்ணெய்

எண்ணெயையும் தண்ணீரையும் புட்டியில் ஊற்றிக் குலுக்கினால் பால்போல் வெளுக்கும். சற்று நேரத்தில் எண்ணெய் மேலேறிவிடும். ஆய்வாளருக்கு இந்த ஏற்றம்தான் தொல்லை. துளிகள் தாமாக இணைகின்றனவா, மேலே குவிந்த நெரிசலில் இணைகின்றனவா என்று பிரித்தறிய விடாது.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் எடையற்ற நிலை நிலவுவதால் அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. அங்குள்ள கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ‘ஃபேசஸ்’ சோதனை இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. துளிகளை விலக்கி வைப்பது, சோப்பு போன்ற மூலக்கூறுகள் அவற்றின்மேல் போர்த்தும் மெல்லிய படலம். அது எவ்வளவு தாங்கும், எப்போது இரு துளிகள் ஒன்றாகும் என்பதை அங்கே நிதானமாகக் கவனிக்கலாம். மயோனைஸ், முகப்பூச்சு எல்லாவற்றின் ஆயுளும் அந்தப் படலத்தை நம்பியே இருக்கிறது.

எண்ணெயை மேலேற்றும் ஒரே ஒரு விசையை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பேசவிடும் எளிமையே இச்சோதனையின் அழகு.