சிப்பி தின்ன மறுத்த சிறுவன்: ஒரு பழைய மருத்துவக் கட்டுரை பற்றி

மருத்துவ உலகில் பலரும் பெயர் சொல்லி, சிலரே படிக்கும் கட்டுரைகள் உண்டு. இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ, 1888-ஆம் ஆண்டு செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் அறிக்கைத் தொகுதியில் எழுதிய ‘சீலியாக் நோய்’ பற்றிய கட்டுரை அவற்றுள் ஒன்று. சில பக்கங்களே கொண்டது. கோதுமையையும் பாலையும் விலக்க வேண்டிய குழந்தை உள்ள வீட்டாருக்கு அதில் இன்றும் பாடம் இருக்கிறது. ஆனால் அது கீ எண்ணிய இடத்தில் இல்லை.

முதலில் அவர் சிறப்பைச் சொல்லிவிடுவோம். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை இந்நோய் மிகுதியாகத் தாக்குவதையும், மலம் வெளுத்து, அளவு மிகுந்து, கடும் நாற்றத்துடன் கழிவதையும், உடல் மெலிவதையும் தெளிவாக வருணிக்கிறார். குணமாக்க வழி இருக்குமானால் அது உணவில்தான் இருக்கவேண்டும் என்கிறார். நோயின் காரணம் யாருக்கும் தெரியாத காலத்தில் இவ்வாறு எழுதியது சாதாரணமன்று.

எந்த உணவு என்ற கேள்விக்கு வரும்போதுதான் தடுமாறுகிறார். மாவுப்பொருள் முழுவதன்மீதும் அவருக்கு ஐயம். அரிசி, சவ்வரிசி, மக்காச்சோள மாவு ஆகாதாம். மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டி கொடுக்கலாமாம். மால்ட் சேர்ந்த உணவு இன்னும் நல்லதாம்! தீங்கு செய்வது மாவுச்சத்து அன்று. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதம். ரொட்டியை எவ்வளவு வாட்டினாலும் அது அழிவதில்லை. மால்ட்டோ பெரும்பாலும் பார்லியில் செய்யப்படுவது. டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கெ 1950-இல் தம் ஆய்வேட்டில் கோதுமையின் குற்றத்தை நிறுவும் வரை மருத்துவர்கள் இருட்டில்தான் தடவினர். கீ விலக்கிய அரிசி இந்தக் குழந்தைகளுக்கு இன்று முதல் உணவு. இட்லியும் இடியாப்பமும் கேழ்வரகுக் கூழும் தடையின்றித் தரலாம். கண்ணில் படாத கோதுமையில்தான் கவனம் வேண்டும். ரவையும் சேமியாவும் கோதுமையே என்பது பல வீடுகளில் நினைவுக்கு வருவதில்லை. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கக்கூடும்.

பசும்பால் இந்நோய்க்கு மிகவும் பொருந்தாத உணவு என்று கீ கூறியது பாதி உண்மை. குடலின் உட்சுவரிலுள்ள நுண்ணிய குடலுறிஞ்சிகள் சிதையும்போது, பாலின் சர்க்கரையாகிய லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் குறைந்துவிடுகிறது. பால் குடித்ததும் வயிறு உப்பிக் கழிச்சல் ஏற்படுகிறது. கோதுமையை நிறுத்திக் குடல் தேறிய பின் பெரும்பாலான குழந்தைகள் மீண்டும் பால் குடிக்கலாம். (பால் புரத ஒவ்வாமை வேறு, அதை இதனோடு குழப்பலாகாது.) ஆகவே இவ்விரு விலக்குகளையும் ஒரே தண்டனையாக, ஆயுள் முழுவதற்கும் விதிப்பது தவறு. பால் நிற்கும் காலத்தில் கேழ்வரகு, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவை சுண்ணாம்புச் சத்துக்கு உதவும்.

இனிக் கட்டுரையின் மிகச் சுவையான பகுதி. ஒரு குழந்தைக்கு நாள்தோறும் ஒரு குவார்ட்டு, அதாவது ஒரு லிட்டருக்கும் அதிகமான, உயர்ந்த ஹாலந்துச் சிப்பிகள் ஊட்டப்பட்டன. குழந்தை வியக்கத்தக்கவாறு தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது. அடுத்த பருவத்தில் எவ்வளவு வற்புறுத்தியும் சிறுவன் சிப்பியைத் தொடவில்லை. இச்சோதனையை மறுபடி செய்துபார்க்க இயலவில்லை என்று கூறிக் கீ அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

இங்கேதான் எனக்கு அவரோடு வழக்கு. அவருக்கு அது தடைப்பட்ட ஒரு சோதனை. எனக்கோ அது கட்டுரையின் முதன்மையான செய்தியாகத் தோன்றுகிறது. சிப்பியால் வயிறு நிரம்பியதால் ரொட்டிக்கு இடமில்லாமல் போயிருக்கலாம். உணவு பலித்ததற்கு அதுவே காரணமாகலாம். ஆனால் மாதக்கணக்கில் ஒன்றையே ஊட்டினால் எந்தக் குழந்தைதான் வெறுக்காது? நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் 1924-இல் வெளியிட்ட வாழைப்பழ உணவுமுறை புகழ்பெற்றதற்கு, குழந்தைகள் அப்பழத்தை விரும்பித் தின்றதும் ஒரு காரணம் என்பேன். பழமே நோயைத் தீர்க்கிறது என்று அவர் எண்ணியது வேறு கதை.

மூன்று வயதுக் குழந்தையிடம் குளூட்டனைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. “இது உன் வயிற்றை வலிக்கச் செய்யும்” என்றால் புரியும். புதிய பண்டத்தை முதல் நாள் துப்பினால் அதோடு விட்டுவிடலாகாது. வற்புறுத்தாமல், சிறிதளவாக, எட்டுப் பத்து முறை வைத்துப் பார்க்கவேண்டும். வீட்டார் எல்லோரும் அதே அடையை உண்டால் குழந்தைக்குத் தனித் தட்டு என்ற ஏக்கம் இராது. “ஒரே ஒரு பிஸ்கட்டுத்தானே” என்று இரங்கும் பாட்டியிடமும் விளக்கிச் சொல்லவேண்டும். குடலைப் புண்ணாக்க அந்தச் சிறிதளவும் போதும்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நாளையே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். இந்நோய்க்கான இரத்தச் சோதனையைக் குழந்தை கோதுமை உண்டுவரும்போதே செய்யவேண்டும். நிறுத்திச் சில மாதங்களான பின் சோதித்தால் நோய் இருந்தும் இல்லையென்று வரலாம். உறுதிசெய்ய மீண்டும் கோதுமை கொடுத்துக் குழந்தையை வருத்த நேரும்.