முதியோர் கணக்கு: ஓர் அறிக்கையும் நம் ஊரும்

ஒரு சமுதாயம் எவ்வாறு முதுமை அடைகிறது? மக்கள் நீண்ட நாள் வாழ்வதால் என்று உடனே விடை கூறுவோம். அது பாதி விடையே. பிறப்பு குறைவதும் பெரிய காரணமாகும். குழந்தைகள் குறையக் குறைய, மொத்த மக்களில் முதியோரின் விகிதம் உயர்கிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறந்தால்தான் மக்கள்தொகை நிலையாக இருக்கும். 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 1.8 மட்டுமே.

ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை ஆய்வு நிலையமும் இணைந்து வெளியிட்ட 'இந்திய முதுமை அறிக்கை 2023' இம்மாற்றத்தை எண்களால் காட்டுகிறது. 2022-இல் 14.9 கோடியாக இருந்த முதியோர் 2050-இல் 34.7 கோடி ஆவர் என்கிறது. முதிய பெண்களின், குறிப்பாகக் கைம்பெண்களின், நிலையை எடுத்துரைப்பது பாராட்டத்தக்கது.

ஆயினும் இரண்டு குறைகளைச் சுட்ட வேண்டும்.

முதலாவது, 'சார்பு விகிதம்' என்னும் அளவுகோல். அறுபதைக் கடந்தவர் சார்ந்திருப்பவர், பதினைந்து முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ளவர் உழைப்பவர் என்று அது கொள்கிறது. சேலத்தில் இன்றும் தறியில் அமரும் எழுபது வயது நெசவாளர் இக்கணக்கில் பிறரைச் சார்ந்தவர். வேலை தேடி அலையும் இருபது வயது இளைஞன் அவரைத் தாங்குபவன்! இது பொருந்துமா?

இரண்டாவது, சராசரி. அறிக்கைக்கு அடிப்படையான 2017-18 ஆய்வு மாநில அளவுக்கென அமைக்கப்பட்டது. மாவட்டங்களைப் பற்றி அது பேச இயலாது. நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் வடமாநிலங்களுக்குச் செல்கின்றன. வண்டியோடு போன மகன் பணம் அனுப்புகிறான். ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவன் வீட்டில் இல்லை. அப்பொறுப்பு மருமகள் தலையில் விழுகிறது. அந்தப் பெண்களையோ நாமே குறைத்துவிட்டோம். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரை, ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர். அவர்கள் இன்று குடும்பப் பொறுப்பு ஏற்கும் வயதினர். பெண் பிறப்பது பணிவிடைக்காக அன்று. ஆனால் பெண்ணைச் சுமையென்று கருதிய சமுதாயம், தன் முதுமையைப் பெண்ணிடமே ஒப்படைக்க எண்ணுவது எவ்வளவு முரண்!

மாணவர்களே, உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குச் செல்லுங்கள். பெரியவர் உழைக்கிறாரா, அவருக்கெனக் கையில் வருமானம் உண்டா, இரவில் அவருக்குத் துணை யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கை சொல்லாமல் விட்டது அக்குறிப்பேட்டில் கிடைக்கும்.