அளக்காமல் மாட்டும் ரிங்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் பழைய லாரிகளில் பிஸ்டன் ரிங் மாற்றாத எஞ்சினைப் பார்ப்பது அரிது. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு, நெய்வேலிச் சாம்பல், பண்ருட்டிப் பலா, துறைமுகத்து மீன் என்று சுமை எதுவானாலும், புகை கூடி ஆயில் குறையத் தொடங்கினால் வண்டிக்காரர் முதலில் கேட்பது, "ரிங் மட்டும் மாத்தினா போதுமா மேஸ்திரி?" என்பதுதான். போதும் என்றால் கடைக்கு ஆள் போகும், ரிங் செட் வரும், சில நாளில் வண்டி கிளம்பிவிடும். ரிங் மாற்றுவது நல்ல வேலை. அளக்காமல் ரிங் வாங்குவதுதான் அந்த வேலையைக் கெடுக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். கரும்பு அரவை தொடங்கிய பிறகு லாரி பட்டறையில் நின்றால் அந்தப் பருவத்து வருமானமே போய்விடும். சிலிண்டரின் உள்சுவரான லைனர், பிஸ்டன் எல்லாம் சேர்த்து மாற்றும் கிட்டுக்கு ரிங் செட்டைப் போலப் பல மடங்கு விலை. லைனர் தேய்மானம் எஞ்சின் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருந்தால், ஹோனிங் போட்டு, அதாவது லைனர் சுவரைக் கல்லால் தேய்த்து நுண்வரிகள் போட்டு, புது ரிங் மாட்டுவது முறையான பழுதுபார்ப்பே. 2015 வெள்ளம் போல எஞ்சினுக்குள் தண்ணீர் புகும் காலங்களில் ரிங் துருவேறிப் பிஸ்டனின் காடியில் ஒட்டிக்கொள்ளும். லைனர் சுவரில் குழி விழுவதற்குள் கழற்றிப் பார்த்தால், இந்தச் சின்ன வேலையே எஞ்சினைக் காப்பாற்றும். உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. சென்னையில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், மறைமலைநகரில் உள்ள ஐ.பி. ரிங்ஸ் என்று ரிங் செய்யும் தொழில் நம் மாநிலத்திலேயே வேர்விட்டிருக்கிறது.

சிக்கல் லைனரில் தொடங்குகிறது. அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் வெப்பமும் வாயு அழுத்தமும் அதிகம், ஆயில் படலம் மெலிது. அதனால் மேல் ரிங் திரும்பும் அந்த இடம்தான் அதிகம் தேயும். அடியில் தேய்மானம் சொற்பம். விட்டம் 0.20 மி.மீ. கூடினால் சுற்றளவு 0.63 மி.மீ. கூடுகிறது. ரிங்கின் வாய் இடைவெளியும் அத்தனை விரியும். 104 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள லேலண்ட் ஹெச் வரிசை எஞ்சினில் புது ரிங்கின் இடைவெளி ஏறத்தாழ அரை மி.மீ.க்குள் நிற்க வேண்டியது. இப்படித் தேய்ந்த லைனரில் போட்டால் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

இதற்குச் சில பட்டறைகளில் ஒரு குறுக்குவழி உண்டு. 0.50 ஓவர்சைஸ் ரிங்கை வாங்கி, வாயை அரத்தால் ராவி, தேய்ந்த ஸ்டாண்டர்டு லைனரிலேயே மாட்டிவிடுவார்கள். மேல்பகுதியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் இடைவெளி கச்சிதமாகத் தெரியும். பிஸ்டன் கீழே இறங்கியதும் போர் குறுகும், ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். பிறகு லைனரில் கீறல் விழும், அல்லது ரிங் உடையும். கீழே அளந்து ராவினாலோ மேலே இடைவெளி மறுபடி விரிந்துவிடும். பெரிய வட்டத்துக்கென்று செய்த ரிங் சிறிய வட்டத்தில் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் படிவதும் இல்லை. எப்படி ராவினாலும் தேய்ந்த லைனர் நேராகாது.

விலை கூடிய ரிங்தான் நல்லது என்ற எண்ணமும் இப்படிப்பட்டதே. குரோம் ரிங் நெடுநாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் லைனரும் குரோம் பூசியதாக இருந்தால் குரோமோடு குரோம் உரசி இரண்டும் பாழாகும். ஓடி ஓடிக் கண்ணாடிபோல் வழவழத்த லைனரில் ஹோனிங் போடாமல் மாட்டினால் கெட்டியான குரோம் முகம் படிய மறுக்கும். மேல் காடி சரிவாக வெட்டிய கீஸ்டோன் வகை என்றால் அதற்குக் கீஸ்டோன் ரிங்தான் வேண்டும், சதுர ரிங் போடக் கூடாது. காடியே தேய்ந்து அகன்றிருந்தால் புது ரிங்கும் அதில் ஆடி ஆயிலை மேலே தள்ளும். இரண்டாவது ரிங்கின் ஒரு பக்கத்தில் 'டாப்' என்றோ ஒரு புள்ளியோ பொறித்திருக்கும். அதைத் தலைகீழாக மாட்டினால், ஆயிலை வழித்துக் கீழே அனுப்ப வேண்டிய ரிங் மேலே ஏற்றிவிடும். ஹோனிங் போட்ட பிறகு வெறும் டீசலில் கழுவினால் கல் துகள் லைனரின் வரிகளிலேயே தங்கும். சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும்வரை துடைக்க வேண்டும்.

பழைய எஞ்சின்கள் இந்தப் பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொண்டன. கொஞ்சம் புகை, கொஞ்சம் ஆயில் என்று காலம் ஓடியது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 மாசு விதிக்கு உட்பட்ட லாரிகளில் அந்தச் சலுகை கிடையாது. எரிந்த ஆயிலின் சாம்பல் புகைக்குழாயிலுள்ள வடிகட்டியில் போய் அடைக்கும். கரியை எரித்துச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டால் அந்தச் சாம்பலை அகற்ற முடியாது. ரிங்கில் மிச்சம் பிடித்த பணம் வடிகட்டியில் பல மடங்காகப் போகும்.

அளப்பதற்கு நேரமில்லை, கருவியில்லை என்பது மேஸ்திரிகளின் பதில். போர் போட்டுத் தரும் லேத் பட்டறைகளில் போர் கேஜ் இருக்கவே இருக்கிறது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் மூன்று உயரம், ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசை: மொத்தம் 36 அளவு. பழகிய கைக்கு இது பெரிய வேலையே இல்லை. அந்தப் பழக்கத்தைத் தர ஐ.டி.ஐ.களும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எந்திரவியல் துறையும் வேலை செய்யும் மேஸ்திரிகளுக்கென்றே குறுகிய பயிற்சி நடத்தலாம்.

அளவு கையில் வந்துவிட்டால் முடிவெடுப்பது எளிது. தேய்மானம் எல்லைக்குள் இருந்தால் ஹோனிங்கும் லைனருக்கு ஏற்ற ஸ்டாண்டர்டு ரிங்கும் போதும். எல்லை தாண்டியிருந்தால் புது லைனர், அல்லது போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டனும் அதற்கான ரிங்கும். நடுவில் அரத்துக்கு இடமில்லை. வண்டிக்காரர்கள் இனி பில்லோடு அந்த 36 எண்களையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்; அதற்குத் தனியாகக் கூலி கொடுக்கவும் தயங்கக் கூடாது. கேட்க ஆள் இருந்தால் பட்டறையும் அளக்கத் தொடங்கும்.