டம்மி மூடிக்குள் ஒரு பொத்தான்

கார் கம்பெனிகள் நம் கண்ணில் படும்படியே விட்டுவைத்திருக்கும் கஞ்சத்தனம் என்றால் அது டம்மி மூடிதான். ஸ்டீயரிங்குக்கு வலப்புறம், கதவை ஒட்டி, முழங்காலுக்குச் சற்று மேலே பாருங்கள். டாப் வேரியன்ட் வாங்கியவருக்கு அங்கே ஸ்விட்ச் வரிசை இருக்கும். நடு வேரியன்ட் வாங்கியவருக்கு அதே இடத்தில், அதே அளவில், எந்தக் குறியும் இல்லாத மொட்டை பிளாஸ்டிக். இரண்டு பேருக்கும் ஒரே அச்சில் வார்த்த டாஷ்போர்டு. ஓட்டையை அடைத்துக் கொடுத்ததோடு சரி. நகத்தால் நெம்பினாலே சில கார்களில் கழன்றுவிடும். பின்னால் கப்ளர்கூடத் தயாராகத் தொங்குவதுண்டு.

அந்த ஓட்டைக்கு ஃபாக் லைட் ஸ்விட்ச் வைப்பதுதான் பலருக்கும் முதல் ஆசை. ஆசை நியாயமானதே. மார்கழி விடியலில் நெடுஞ்சாலையிலோ, ஏற்காடு, கொடைக்கானல் வளைவுகளிலோ மூடுபனிக்குள் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். பம்பருக்குக் கீழே, தாழ்வாக, அகலமாக அடிக்கும் விளக்கு சாலையோரக் கோட்டையாவது காட்டும். இதற்கான ஸ்விட்சை மூன்று விதமாகச் செய்யலாம். கடையில் கிடைக்கும் ராக்கர் ஸ்விட்ச், கம்பெனி ஸ்விட்சை ஒத்த பொத்தான், நாமே வடிவமைத்து அச்சிடும் பொத்தான். மூன்றையும் ஒரே காரில், ஒரே ஓட்டையில் மாட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஹெச்11 வகை ஹாலோஜன் பல்பு ஒன்றுக்கு 55 வாட். இரண்டுக்கும் சேர்த்து 110. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இந்த ஒன்பது ஆம்பியர் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் இந்த வேலையின் தரம் முழுக்க இருக்கிறது. பொத்தானின் அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

சென்னை ஜிபி ரோட்டில் எந்த ஆக்சசரீஸ் கடையில் கேட்டாலும் ராக்கர் ஸ்விட்சை எடுத்து நீட்டிவிடுவார்கள். விலை ஒரு சாப்பாட்டுக்கும் கீழே. அதைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், ‘6ஏ 250வி ஏசி’ என்று பொறித்திருக்கும். 250 வோல்ட் தாங்குவது 12 வோல்ட்டைத் தாங்காதா என்று கடைக்காரர் சிரிப்பார். வீட்டு மின்சாரம் வினாடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுத் திரும்புவது. ஸ்விட்ச் திறக்கும்போது எழும் பொறி அந்த இடைவெளியில் தானாக அணைந்துவிடும். கார் பேட்டரியின் டிசியில் அந்த ஓய்வு கிடையாது. பொறி நீடித்து முனைகளை மெல்லத் தின்னும். அது போதாதென்று, குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழை விளக்கு போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆறு ஆம்பியர் ஸ்விட்ச் வழியாக ஒன்பது ஆம்பியரை நேராக ஓட்டினால் பொத்தான் சூடாகும், நாளடைவில் பிளாஸ்டிக் இளகி முனை ஒட்டிக்கொள்ளும், விளக்கு அணையாது. டிசி அளவு தனியாகப் போட்டிருந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

தோற்றத்திலும் ராக்கர் பின்தங்குகிறது. சின்ன ராக்கருக்குச் செவ்வக ஓட்டை தனியே வெட்ட வேண்டும். டம்மி மூடியையே வெட்டி அதில் பொருத்தினால் டாஷ்போர்டு தப்பிக்கும். அப்படிச் செய்தாலும் பகலில் பளபள கறுப்பு, இரவில் கண்ணைக் குத்தும் சிவப்பு. காரின் மற்ற ஸ்விட்சுகளோடு சேரவே சேராது. ஜீப், டிராக்டர், படகு என்றால் சங்கதி வேறு. அங்கே கார்லிங் நிறுவனத்தின் காண்டுரா வகை ராக்கர்கள் நன்றாகப் பொருந்தும். கனமானவை, தண்ணீர் தெறித்தாலும் தாங்குபவை. ஹேட்ச்பேக்கில் அவற்றை வைத்தால் லாரி ஸ்விட்ச் மாதிரி இருக்கும்.

இரண்டாவது வழியில் கை வைத்தவுடனேயே வித்தியாசம் தெரிகிறது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் டாப் வேரியன்டின் அசல் ஸ்விட்ச் சில நேரம் சிக்கும். இல்லாவிட்டால் மாருதி மாதிரி, டொயோட்டா மாதிரி, ஹோண்டா மாதிரி என்று புதிதாகவே விற்கிறார்கள். ‘மாதிரி’ என்பதை நம்பி வாங்காதீர்கள். ஒரே கம்பெனியின் கார்களுக்குள்ளேயே ஓட்டை அளவு மாறுகிறது. டம்மி மூடியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே வெர்னியரால் அளந்து பாருங்கள். உயரம், அகலத்தோடு பிடிப்புக் கொக்கிகள் பக்கவாட்டில் இருக்கின்றனவா, மேல்கீழாக இருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

பொத்தானின் மேலுள்ள குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்கு ஐஎஸ்ஓ 2575 என்ற உலகத் தரம் உண்டு. முன் ஃபாக் லைட்டுக்கு இடப்பக்கம் பார்த்த விளக்கு, சாய்ந்த கதிர்கள், அவற்றைக் குறுக்கே வெட்டும் நெளிகோடு. எரிவதைக் காட்டும் நிறம் பச்சை. பின் ஃபாக் லைட்டுக்கு விளக்கு வலப்பக்கம் பார்க்கும், நிறம் மஞ்சள். நீலம் ஹை பீமுக்கு ஒதுக்கப்பட்டது. கடைகளில் நீல வெளிச்சம் வரும் ஃபாக் பொத்தான்களைத்தான் அதிகம் அடுக்கியிருக்கிறார்கள். இரவில் ஓரக்கண்ணில் நீலம் தெரிந்தால் ஹை பீம் எரிகிறதோ என்று மனம் ஒரு நொடி தடுமாறும். பச்சையைக் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பொத்தானை வாங்கினாலும் நடுவில் ரிலே ஒன்று இருந்தே ஆக வேண்டும். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, அடியில் நான்கு கால்கள். கால்களின் எண்கள் ஜெர்மனியின் டிஐஎன் 72552 தரத்திலிருந்து வந்தவை. 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ், 87 விளக்குக்குப் போவது, 85, 86 இரண்டும் உள்ளேயிருக்கும் சுருளின் முனைகள். சுருளுக்குத் தேவை சுமார் 150 மில்லி ஆம்பியர்தான். பொத்தான் அதை மட்டும் சுமந்தால் போதும். ஒன்பது ஆம்பியர் பானட்டுக்குள்ளேயே பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராகப் போய்விடும். டாஷ்போர்டுக்குள் வருவது 0.5 சதுர மில்லிமீட்டர் வயர். விளக்குக்கு 1.5 போதும், 2.5 போட்டால் வெளிச்சம் குறையாது.

ஃப்யூஸை எங்கே வைப்பது என்பதில் நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து விளக்கின் பக்கத்தில் மாட்டிவிடுவார்கள். ஃப்யூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பேட்டரியிலிருந்து விளக்குவரை நடுவில் எங்காவது தகரத்தில் உரசித் தோல் உரிந்தால், உரசிய இடத்துக்கு முன்னாலேயே ஃப்யூஸ் இருந்தால்தான் தீப்பிடிக்காமல் தப்பிக்கலாம். ஆகவே பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் நீல நிற ஃப்யூஸ். இணைப்புகளுக்கு ஈயம் வைப்பதைவிட நல்ல லக் போட்டு அழுத்துவது மேல். ஈயம் வயருக்குள் ஊறி அந்த இடத்தை விறைக்க வைக்கிறது, அதிர்வில் அங்கேதான் முறியும்.

சுருளுக்கான மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் காரைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் ஃபாக் லைட் எரிந்துகொண்டே இருக்கலாம். பார்க்கிங் லைட் வயரிலிருந்து எடுங்கள். டிஐஎன் கணக்கில் அது 58. அங்கிருந்து பொத்தானுக்கு, பொத்தானிலிருந்து 86-க்கு; 85-ஐ எர்த்தில் கட்டிவிடலாம். பார்க்கிங் லைட் அணைந்தால் ஃபாக் லைட்டும் கூடவே அணையும். மறதிக்கு இடமில்லை. புதிய கார்கள் சிலவற்றில் பிசிஎம் என்ற கணினி ஒவ்வொரு விளக்கின் மின்னோட்டத்தையும் கண்காணிக்கிறது. அவற்றில் வயரை வெட்டிச் சேர்ப்பதற்கு முன் அந்த மாடலைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழிதான் சுகமான வேலை. ஓட்டை அளவில் எதுவுமே கிடைக்காதபோது, அல்லது காரின் மற்ற பொத்தான்களோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால், முப்பரிமாண அச்சில் நாமே செய்யலாம். உள்ளே இயங்கும் பாகத்தைச் செய்ய முயல வேண்டாம். அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் விடும் சின்ன புஷ் ஸ்விட்சுகள் ரிச்சி தெருவில் கொட்டிக் கிடக்கின்றன. கால் ஆம்பியர் டிசி தாங்கினால் ரிலேவுக்குப் போதும். நாம் செய்ய வேண்டியவை வெளிக்கூடும் தொப்பியும் மட்டும்.

பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. சுமார் 60 டிகிரியிலேயே அது இளக ஆரம்பிக்கும். கண்ணாடி ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைச் சித்திரை மாதத்தில் தாண்டிவிடும். பிஇடிஜி 80 வரை நிற்கும். ஏபிஎஸ், ஏஎஸ்ஏ இரண்டும் 100-ஐத் தொடும். வெயிலில் வெளுக்காமல் இருப்பது ஏஎஸ்ஏ. நான் தொப்பியை வெள்ளை ஏபிஎஸ்ஸிலும் கூட்டை ஏஎஸ்ஏவிலும் அச்சிட்டேன். தொப்பிக்கும் கூட்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் 0.3 மில்லிமீட்டர் விட்டால் சிக்காமல் வழுக்கிப் போகிறது. இன்னும் விட்டால் மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் போடும்.

ஒளிரும் குறியைக் கொண்டுவருவதுதான் இதில் ரசமான பகுதி. கம்பெனிகள் ஒளி ஊடுருவும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தொப்பியை வார்த்து, மேலே கறுப்பு வண்ணம் அடித்து, குறியின் வடிவில் வண்ணத்தை மட்டும் லேசரால் சுரண்டி எடுக்கின்றன. இதை நாமும் செய்யலாம். தொப்பியின் முகத்தை நீர்த்தாளில் தேய்த்து, மங்கல் கறுப்பு ஸ்ப்ரேயை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து, நன்றாகக் காயவிட்டு, சாவிக்கொத்தில் பெயர் பொறித்துத் தரும் லேசர் கடையில் கொடுத்தேன். குறைந்த சக்தியில் ஓட்டச் சொல்ல வேண்டும். கூடினால் வெள்ளை பிளாஸ்டிக்கும் கருகிப் பழுப்பாகிவிடும். கதிர்களும் நெளிகோடும் கூராகவே வந்தன. அச்சடுக்கின் வரிகள் மட்டும் பக்கவாட்டில் லேசாகத் தெரிகின்றன, குனிந்து பார்த்தால்.

உள்ளே இரண்டு எல்இடி. 58-லிருந்து மின்சாரம் எடுத்து, இருட்டில் பொத்தான் இருக்கும் இடத்தைக் காட்டுவது ஒன்று. ஃபாக் லைட் எரியும்போது பச்சையாக ஒளிர்வது இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும் என்பதால் கணக்கை அதற்கே போடுங்கள். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் வெள்ளை எல்இடியில் சுமார் 11 மில்லி ஆம்பியர் ஓடும். பகலில் அழகு, இரவில் தாங்க முடியாது. 10 கிலோ ஓம் போட்டவுடன் ஏசி பொத்தான்களின் வெளிச்சத்தோடு ஒத்துப்போயிற்று.

இந்த இடத்தில் சிலருக்கு ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையை வைக்கத் தோன்றும். ஒருமுறை தொட்டால் போடவும், நீண்ட அழுத்தத்துக்கு வேறொன்று செய்யவும் வைக்கலாம். ஆனால் அதற்கு மின்சாரம் தரும் சாதாரண 7805 ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே 5 மில்லி ஆம்பியர் தின்னும். பேட்டரியோடு நிரந்தரமாக இணைத்தால் மாதத்துக்கு 3.6 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பத்தில் ஒரு பங்கு. விளக்கு போட ஒரு பொத்தானுக்கு இது அதிகம். தொடுதிரைக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவைத்த கம்பெனிகளே இப்போது பொத்தானுக்குத் திரும்பி வருகின்றன. இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லாவிட்டால் முழு மதிப்பெண் கிடையாது என்று கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் 2026 முதல் விதி கொண்டுவந்திருக்கிறது. அமுக்கினால் ‘டக்’கென்று நிற்கும் பொத்தானுக்கு ஈடில்லை.

இதே ஓட்டையில் பல சுருதி ஹார்னுக்கு ஸ்விட்ச் வைக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-வது விதி அதைத் தடுக்கிறது. விட்டுவிடுங்கள்.

தீர்ப்பு இதுதான். சரியான அளவு கிடைத்தால் கம்பெனி மாதிரிப் பொத்தானும் ரிலே ஹார்னஸும் போதும். சில நூறு ரூபாயில், ஒரு மதியத்தில் முடிகிற வேலை. அளவு கிடைக்காதவர்களும் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களும் சொந்த அச்சுக்குப் போகலாம். விலையில் மிச்சமில்லை, பொருத்தத்தில் மிச்சம் நிறைய. ரிலே இல்லாத ராக்கரை எந்தக் காருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களைத் தொடாதீர்கள். முடிந்ததும் எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது, ஃப்யூஸ் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து ஆர்சி நகலோடு வைத்துவிடுங்கள். அடுத்த சர்வீஸில் உங்கள் காரைத் திறக்கும் எலக்ட்ரீஷியனுக்கு அது வேண்டியிருக்கும்.