பனியில் இரண்டு விடுதிகள்

ஒரு நாவலைப் படித்து முடித்ததும் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. இதில் எந்தப் பகுதி தன் கனத்தைத் தானே தாங்கி நிற்கிறது, எந்தப் பகுதி ஆசிரியர் முட்டுக் கொடுத்ததால் நிற்கிறது? கட்டடத்தையும் இப்படிக் கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். கடும்பனிப் பிரதேசத்துக் கட்டடம் என்றால் இன்னும் தாராளமாகவே கேட்கலாம். அங்கே முட்டு எது, சுவர் எது என்பதை ஒரு குளிர்காலமே சொல்லிவிடும்.

அமெரிக்காவில் ஆரகன் மாகாணத்தில் ஹூட் என்ற எரிமலையின் சரிவில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் டிம்பர்லைன் என்ற பனிச்சறுக்கு விடுதி இருக்கிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படம் (1980) பார்த்தவர்கள் அதன் முகப்பைப் பார்த்திருக்கிறார்கள். படத்தில் அது பேய் பிடித்த ஓட்டல். ஸ்டீபன் கிங்கின் நாவலில் பேய் நடமாடுவது 217-ஆம் எண் அறையில். அந்த எண்ணில் நிஜமாகவே ஓர் அறை இருந்ததால், அதில் தங்க யாரும் வரமாட்டார்களே என்று விடுதிக்காரர்கள் கவலைப்பட்டார்கள். படத்தில் இல்லாத எண்ணான 237 ஆக மாற்றச் சொன்னார்களாம். கதையைப் பார்த்து வீடு பயந்த விசித்திரம் இது.

பேயை விட்டுவிட்டு வீட்டைப் பார்ப்போம். 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று ரூஸ்வெல்ட் அரசாங்கம் ஏற்படுத்திய பொதுவேலைத் திட்டத்தில் 1936-ல் ஆரம்பித்துக் கட்டியது அது. 1937 செப்டம்பர் 28-ந் தேதி ரூஸ்வெல்ட்டே வந்து அர்ப்பணம் செய்தார். செலவில் பெரும்பகுதி கூலிக்கே போயிற்று. யந்திரத்தால் செய்யக்கூடியதைக்கூட வேண்டுமென்றே கையால் செய்தார்கள். பொருள் வாங்கப் பணம் குறைவு. கை நிறைய இருந்தது. ஆகவே, வேண்டாமென்று எறிந்தவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். பழைய மின்கம்பங்களின் தலையில் பறவையும் மிருகமும் செதுக்கிப் படிக்கட்டின் கைப்பிடித் தூண்களாக நிறுத்தினார்கள். ரயில் தண்டவாளத்தை வளைத்துக் கணப்பில் விறகு தாங்கும் கால்களாக்கினார்கள். டயர் சங்கிலிகள் கணப்பின் முன்னே திரையாயின. அரசாங்க முகாம்களில் வேலை பார்த்த இளைஞர்களின் பழைய கம்பளிகளையும் சீருடைகளையும் கிழித்துத் தரைவிரிப்புகள் செய்தார்கள். உள் அலங்காரப் பொறுப்பு முழுவதும் மார்ஜரி ஹாஃப்மன் ஸ்மித் என்ற பெண்மணியுடையது.

வடிவத்திலும் அசட்டுத்தனம் இல்லை. நடுக்கூடம் ஆறு பட்டை. அதன் மத்தியில் சுமார் 90 அடி உயரத்துக்கு ஒரே கல் புகைபோக்கி எழும்புகிறது. அதைச் சுற்றிக் கீழ்த்தளத்தில் மூன்று, மேல்தளத்தில் மூன்று கணப்புகள். செங்குத்தான கூரை, அடிப்பாகம் கல், மேலே மரம். குளிர்காலத்தில் கீழ்த்தள ஜன்னல்களைப் பனி மூடிவிடும். வாசலுக்குச் சுரங்கம் மாதிரி வழி அமைத்துக்கொள்கிறார்கள். சிக்கனம் என்பது இங்கே ஒரு கொள்கையாக ஆரம்பிக்கவில்லை. ஏழ்மையாகத்தான் ஆரம்பித்தது. அதனால்தானோ என்னவோ அதில் பாவனை இல்லை.

இரண்டாவது வீடு நேர் எதிர். ஸ்விட்சர்லாந்தில் ஜெர்மாட் ஊருக்கு மேலே, 2,883 மீட்டர் உயரத்தில், கோர்னர் பனியாற்றை ஒட்டிய பாறையில் 2009-ல் திறக்கப்பட்ட புதிய மான்டே ரோசா விடுதி. ஜூரிச் தொழில்நுட்பக் கல்லூரியும் ஸ்விஸ் ஆல்ப்ஸ் சங்கமும் சேர்ந்து கட்டியவை. வசந்தத்தில் சறுக்குக் கட்டைகளோடும் கோடையில் கயிற்றோடும் மலையேறிகள் வருகிறார்கள். உள்ளே மரச் சட்டங்கள், வெளியே அலுமினியப் போர்வை. தூரத்திலிருந்து படிகக் கல் போல மின்னுகிறது. தெற்குச் சுவர் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. உருகும் பனிநீரை வீட்டுக்கு மேலே பாறைக்குள் குடைந்த தொட்டியில் சேர்த்து வைக்கிறார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி கழிப்பிடத்துக்கே விடுகிறார்கள். நாளைக்கு வெயிலா மேகமா, எத்தனை பேர் வருவார்கள் என்றெல்லாம் பார்த்து, மின்சாரத்தை எப்போது சேமிப்பது என்று கணிப்பொறி தீர்மானிக்கிறது. தனக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது இலக்கு.

கணக்கு போட்ட மூளைகளுக்கு என் வணக்கம். ஆனால் விமர்சகனுக்கு ஒரு சந்தேகம். வீடு மிகவும் பிரபலமாகிவிட்டது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். வந்தவர்கள் குளித்தார்கள், சாப்பிட்டார்கள். கணக்கு இடித்தது, துணை யந்திரம் அதிகமாக ஓட வேண்டியதாயிற்று. பாத்திரங்களின் சுபாவத்தை முன்கூட்டியே அச்சிட்டுவிட்ட நாவலில், ஒரு பாத்திரம் சொன்னபடி கேட்காமல் நடந்துகொண்டது மாதிரிதான் இது. குற்றம் பாத்திரத்தினுடையதல்ல.

ஆனாலும் டிம்பர்லைனைக் காட்டி மான்டே ரோசாவை இடித்துப் பேச நான் தயாராக இல்லை. பனியாற்றோரத்தில் மரம் ஏது? பக்கத்துக் காட்டுப் பொருளால் கட்டு என்று அங்கே உபதேசிப்பது வெட்டிப் பேச்சு. ஜெர்மாட் வரை ரயிலில் வந்த துண்டுகளை மேலே ஹெலிகாப்டர்தான் தூக்கிப் போக வேண்டும். அலுமினியமும் ஒளித்தகடும் அந்த இடத்தின் நிர்ப்பந்தம். அது தன் இடத்துக்கு உண்மையாக இருக்கிறது.

டிம்பர்லைன் மட்டும் யோக்கியமா? வீடு சிக்கனமானது, விளையாட்டு அப்படியல்ல. மேலே பால்மர் பனிவெளியில் கோடையிலும் சறுக்க வேண்டும் என்று, பனி கெட்டியாக நிற்பதற்காகப் பல வருஷங்களாக உப்புத் தூவி வந்திருக்கிறார்கள். பழைய கம்பளியைக் கிழித்து விரிப்பு செய்த வீட்டின் வாசலில் இது நடக்கிறது. 'இயற்கையோடு இசைந்த விடுதி' என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று மௌனமாகிவிடுகிறார்கள். மலைக்குப் போகிற ஆசையையும் சேர்த்து அளக்காமல் சுவரை மட்டும் அளந்தால் அந்த மௌனந்தான் வரும்.

என் தராசு சாய்வது வேறு காரணத்தால். 1950-களில் டிம்பர்லைன் சீரழிந்தது. பாக்கி கட்டாததால் மின்சாரம் வெட்டப்பட்டு 1955-ல் மூடிக் கிடந்தது. சொல்லப்போனால், செத்த வீடு. அதே வருஷம் ரிச்சர்ட் கோன்ஸ்டாம் என்பவர் நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கதவு மறுபடி திறந்தது. 1975-ல் ஆர்வலர்கள் சங்கம் ஒன்று கூடி, நைந்துபோன திரைகளையும் விரிப்புகளையும் திரும்ப நெய்ய ஆரம்பித்தார்கள். அது முடிந்தது எப்படி? கையால் செய்ததைக் கையால் திருத்தலாம். அதற்குத் தனி ஞானம் வேண்டாம், பழகினால் போதும். மான்டே ரோசாவின் ஒளித்தகடும் அதை ஆளும் கணிப்பொறியும் கெட்டுப்போகும் நாளில் அந்தப் பாறைமேல் உட்கார்ந்து அதைத் திருத்த யாரால் முடியும்? மறுபடி ஹெலிகாப்டர்தான்.

புது விரிப்புகளைப் பழைய மாதிரிகளை வைத்துக்கொண்டே செய்கிறார்கள். கொஞ்ச காலத்தில் அவையும் தேயும்.